தடைக்காலம்

மூணு நாள் ஒன்றும் கூடாது என்றார்கள்.
ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு வரணும்.
வெயில் படக்கூடாது.
முக்கியமா ஐஸில் வைக்கக் கூடாது சார்,
உடம்புச் சூட்டிலேயே இருக்கணும்.

பதினோரு வருஷமாய்
கடலூர் ஓ.டி. ஐஸ் கம்பெனியில்
பார் இழுக்கிறவனிடம் சொன்னார்கள்.

பனியனுக்கும் வயிற்றுக்கும் நடுவே டப்பி.
கெடிலம் பாலத்தில்
பண்ருட்டிப் பலா ஏற்றிய லாரி
அச்சு முறிந்து குறுக்கே நிற்கிறது.
பாலமெல்லாம் பழ வாசனை.
ஒரு பழத்துக்கு நூறு கொட்டையாவது இருக்கும்.
வண்டியை அணைத்துவிட்டு
வயிற்றை ஒரு கையால் மூடிக்கொண்டேன்.
பக்கத்து ஆட்டோக்காரர்
அல்சரா தம்பி என்றார்.

பாண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லத்தான் செய்தார்.
மருந்து ஏத்துறதுக்கு முன்னால
எடுத்து உறைய வெச்சிடலாம்,
மெட்ராஸ் போகணும், நாளைக்கே.
அக்கா பக்கத்தில் நின்றாள்,
கையில் கஞ்சி பிளாஸ்க்.
அவள் எதிரில் அந்தச் சொல் வந்ததும்
ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டி நிறுத்துவதை
அவ்வளவு கவனமாகப் பார்த்தேன்.
வேண்டாம் சார்.

ஒரு நாளைக்கு முந்நூறு பார்
உறைய வைக்கிறவன்.

அடுத்த கட்டில் பரக்கத்துல்லா, பரங்கிப்பேட்டை.
சிவப்பு மருந்து இறங்கும்போதெல்லாம் சிரிப்பார்:
மயிரு வளந்துடும் மாப்ள,
மத்ததுக்குத்தான் கேரண்டி இல்ல.
அவருக்கு மூன்று பெண்கள்.
ஆறாவது ஊசிக்கு அவர் வரவில்லை.

அம்சவேணியிடம்
பெண் பார்த்த அன்றே சொல்லிவிட்டேன்.
கரண்ட் போனால் சொல்கிற அதே குரலில்
சரி, பாத்துக்கலாம் என்றாள்.

முதல் ரிப்போர்ட்டில்
எண்ணிக்கைக் கட்டத்துக்குள் நில் என்றிருந்தது.
அவள் அதைத் தமிழாக வாசித்தாள்.
நில்லுன்னுதான போட்டிருக்கு,
நிப்போம்.

ஒரு சுற்று முடிய எழுபத்து நாலு நாள் என்றார் டாக்டர்.
வேரில் ஒன்றிரண்டு பிழைத்திருந்தால்
தானாகத் துளிர்க்கும்,
துளிர்க்காமலும் போகும்.
அமுக்கிராப் பொடி, முருங்கைப்பூ, பாதாம் பிசின்,
யார் யாரோ சொன்னார்கள், எல்லாம் தின்றேன்.
இறுக்கமான ஜட்டியைத் தூக்கிப் போட்டேன்.

சித்திரையில் கடலுக்குப் பூட்டுப் போட்டது சர்க்கார்.
மீன் சினைப்பிடிக்க அறுபத்தோரு நாள்.
விசைப்படகெல்லாம் கரையில் சாய்ந்து கிடக்க
கம்ப்ரசர் நின்று, அமோனியா வாடை அடங்கி,
காலி டின்களுக்குள்
என் இருமல் எனக்கே திரும்பி வந்தது.
மீனுக்குக் கலெக்டர் அறிவிக்கிறார்.
எனக்கு
காலண்டரில் அவள் போட்ட பென்சில் கோடு.

மஞ்சக்குப்பம் லேபில் டெய்சிராணி
மணியைப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு நிமிஷம்.
சுழற்றி, அடியில் படிந்ததை எடுத்து,
வெகுநேரம் குனிந்திருந்தாள்.
பிறகு, வழக்கமில்லாத வழக்கமாய்,
வந்து பாருங்க சார்.

வெள்ளை வட்டம். தூசி மாதிரி ஏதேதோ.
தூசி இல்லாத ஒன்று
வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.
எங்கே போகுது என்று கேட்டேன்.
எங்கயும் போகல சார்,
நின்ன எடத்துலயே ஆடுது.
இன்னும் மூணு இருக்கு,
அதுங்க அசையல.

வாசலில் நின்று போன் போட்டேன்.
நாலு என்றேன்.
நாலு லட்சமா, நாலு கோடியா?
நாலு.
மறுமுனையில் ஒன்றுமில்லை.
பிறகு சிரித்தாள்,
குக்கர் விசில் ஒன்று, இரண்டு போகும்வரை
சிரித்துக்கொண்டே இருந்தாள்.
அழுகிறாளோ என்று
காதை அழுத்திக் கேட்டேன்.
இல்லை, சிரிப்புதான்.

பேர் வெக்கலாமா நாலுக்கும் என்றாள்.

கம்பெனியிலிருந்து இரண்டு மிஸ்டுகால்.
நாளை நள்ளிரவு படகு இறங்குது,
கம்ப்ரசர் போட்டாச்சு, எங்க இருக்க.
வண்டியை எடுத்தேன்.
கை இன்னமும்
பனியனுக்கு மேல் வயிற்றில் இருந்தது,
அங்கே ஒன்றும் இல்லாதபோதும்.